காற்றில் முறுக்கிய போல்ட்டு

வேகத்தடையில் ஏறி இறங்கினால் இடது முன்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் லேசாக ஒரு பக்கம் இழுக்கும். 2011-இல் வாங்கிய சின்னக் கார், 1,10,000 கிலோமீட்டர் ஓடியது. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று நானாக முடிவுகட்டி, பணத்துக்குக்கூடத் தயாராகிவிட்டேன். ஞாயிறு காலை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மைக் கம்பியால் நெம்பினால் உண்மை தெரிந்தது. ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் முன் புஷ்ஷின் (இரும்புக்கூட்டுக்கும் நடுக்குழாய்க்கும் இடையில் ரப்பர் வைத்த உருளை) ரப்பர் கிழிந்து, நடுக்குழாய் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

‘ஆர்மையே மாத்திடுங்க சார், பால் ஜாயிண்ட்டோட வருது’ என்றார் பார்ட்ஸ் கடைக்காரர். ஆர்மின் மறுமுனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டுதான் பால் ஜாயிண்ட்; என்னுடையது நன்றாகத்தான் இருந்தது. புஷ் மட்டும் போதும் என்றேன். கஞ்சத்தனம்தான், மறுக்கவில்லை.

ஆர்மைக் கழற்ற ஒரு மணி நேரம், பழைய புஷ்ஷை எடுக்க மூன்று. ரப்பரைக் குடைந்து எடுத்தாலும் வெளிக்கூடு இரும்போடு இரும்பாக ஒட்டிக்கிடந்தது. ஆக்ஸா பிளேடை ஓட்டைக்குள் நுழைத்து அறுத்தேன். கூட்டைத் தாண்டினால் ஆர்மிலேயே வெட்டு விழும் என்பதால் நாலு இழுப்புக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் உளியை வைத்து ஒரு தட்டு, கூடு சுருண்டுகொண்டு வந்தது. புதியதை நீள போல்ட்டு, குழாய்த்துண்டு, தடித்த வாஷர்கள் வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, நட்டை முறுக்கி முறுக்கி உள்ளே இழுத்தேன். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

மறுநாள் தெருமுனை லேத் பட்டறை அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: ‘வண்டியத் தரையில எறக்கிட்டுத்தான டைட் பண்ணீங்க?’

இல்லை. புஷ்ஷின் நடுவே போய் ஆர்மைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டை, சக்கரம் தொங்கும்போதே முறுக்கியிருந்தேன். அந்த போல்ட்டு புஷ்ஷின் நடுக்குழாயை இறுக்கிப் பிடித்துவிடும். அதன்பின் ஆர்ம் மேலும் கீழும் அசைவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும். சில மாதத்தில் கிழிந்துவிடும்.

அடுத்த ஞாயிறு முன்சக்கரங்கள் இரண்டையும் தடிப்பலகைகள் மேல் ஏற்றி, கை போகும் அளவுக்கு இடம் செய்துகொண்டேன். பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு போல்ட்டைத் தளர்த்தினேன். உள்ளே ‘டக்’. இடது பக்கம் ஒரு நூலளவு இறங்கி உட்கார்ந்தது. அப்படியே திரும்ப முறுக்கினேன்.

அலைன்மெண்ட்டும் பார்த்தாயிற்று, சத்தம் இல்லை. வலது பக்கத்து புஷ்ஷையும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆக்ஸா பிளேடை நினைத்தால்தான் கை வலிக்கிறது.