சைக்கிள் பெல்லா, சிலந்தியா?

1993இல் நான் ப்ளஸ் ஒன். விடுதியில் இருந்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளை டயனோரா டிவி. கோபிசெட்டிபாளையத்தில் ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்தால்தான் படம் தெரியும். காற்றடித்தால் ஒருவன் மொட்டை மாடி ஏறுவான்; இன்னொருவன் ஜன்னலில் நின்று "இன்னுங் கொஞ்சம் அக்கட்டால திருப்புடா" என்று கத்துவான். அந்தப் புள்ளி மழைக்குள்தான் எங்களுக்கு பியோம்கேஷ் பக்ஷி அறிமுகமானார்.

பாசு சட்டர்ஜி எடுத்த தூர்தர்ஷன் தொடர். பியோம்கேஷாக வரும் ரஜித் கபூர் வேட்டி கட்டிக்கொண்டு துப்பறிவார். துப்பறிகிறவர் என்றால் கோட்டும் தொப்பியும்தான் என்று நினைத்திருந்த எங்களை அந்த வேட்டியே பாதி கவிழ்த்துவிட்டது. (எங்களுக்கு முந்தின செட் அண்ணன்கள், 1985இல் வந்த கரம்சந்தில் கேரட் கடித்துக்கொண்டே துப்பறிந்த பங்கஜ் கபூரைத்தான் உசத்தி என்பார்கள். அவர்களோடு எங்களுக்குச் சேர்த்தியில்லை.)

ஒரே சிக்கல், எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. பவானிக்காரன் ஒருவன் மட்டும் இந்தி பிரச்சார சபாவில் பிராத்மிக் என்கிற ஆரம்பப் பரீட்சை பாஸ். அதனால் முன்வரிசைப் பாய் அவனுக்கு. அவன் சொன்னதுதான் கதை.

முதல் கதையே எங்களுக்கென்று எடுத்தது மாதிரி இருந்தது. ஹோமியோபதி டாக்டர் ஒருவர் நடத்தும் மெஸ்ஸில் வேறு பெயரில் வந்து தங்குகிறார் பியோம்கேஷ். அங்கேதான் அறைத்தோழராக அஜித் கிடைக்கிறார். கடைசியில் பார்த்தால் கொலைகாரன் அந்த டாக்டரேதான். எங்கள் வார்டன் சாரும் காய்ச்சல் என்று போனால் வெள்ளை உருண்டைதான் கொடுப்பார். அப்புறம் ஒரு வாரத்துக்கு விடுதியில் யாருக்கும் காய்ச்சலே வரவில்லை.

சண்டை வந்தது வேறு இரண்டு கதைகளில். ஞாயிற்றுக்கிழமை தடப்பள்ளி வாய்க்காலுக்குத் துணி துவைக்கப் போனால், சோப்புக் கரைவதுகூடத் தெரியாமல் அதையே பேசுவோம். அந்தியூர்க்காரன் கட்சி, சைக்கிள் பெல் கதை. நடுரோட்டில் ஆட்கள் நெஞ்சில் கிராமபோன் ஊசி ஏறிச் செத்து விழுகிறார்கள். வெடிச் சத்தம் இல்லை, சுட்டவனையும் காணோம். ஊசி வந்தது சைக்கிள் பெல்லுக்குள்ளிருந்து! பெல் அடிக்கிறவனை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? "பாஷையே தெரியாதவனுக்கும் புரியுது பாரு, அதுதாண்டா கதை" என்பான் அந்தியூரான். நியாயமான பேச்சுதான். அதற்காகத் தன் பெல்லைக் கழற்றி உள்ளே குண்டூசி வைத்துப் பார்த்ததைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. ஊசி பறக்கவில்லை, பெல் போனதுதான் மிச்சம்.

நான் சிலந்திக் கட்சி. 'மக்டி கா ரஸ்'. சிலந்தி விஷத்தைப் போதைக்காகச் சாப்பிடும் ஒரு நோயாளிப் பெரியவர். வீடே காவல் இருக்கிறது. அப்படியும் விஷம் எப்படியோ அவர் வாய்க்குப் போய்விடுகிறது. பியோம்கேஷ் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. அஜித் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதைக் கேட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே அவிழ்க்கிறார். கொலைக்குத் துப்புத் துலக்குவது பெரிதா, கண்ணெதிரே நடப்பதைக் கண்டுபிடிப்பது பெரிதா என்று நான் மடக்குவேன்.

ஆனால் என் கட்சிக்கு ஒரு பெரிய ஓட்டை. விடை சொல்லும் நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. மறுநாள் பவானிக்காரன் தன் இந்தி டீச்சரிடம் கேட்டு வந்ததாகச் சொன்னான்: விஷம் மாத்திரைக்குள் இருந்ததாம். சப்பென்று ஆகிவிட்டது. "முடிவே பாக்காதவனெல்லாம் பேச வந்துட்டான்" என்று அந்தியூரான் வருஷம் முழுக்கக் குத்திக்காட்டினான்.

இங்கே சிங்கப்பூருக்கு வந்து எத்தனையோ வருஷம் கழித்து, ஒரு ராத்திரி தூக்கம் வராமல் அந்தக் கதையை ஆங்கில எழுத்தோடு பார்த்தேன். மாத்திரையாவது ஒன்றாவது! பெரியவர் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கிறார். விஷம் இருந்தது சிவப்பு மையில். எழுதுகிற சாக்கில் பேனா நிப்பை நாக்கில் வைத்துக்கொள்கிறார். எல்லார் கண்ணெதிரிலும்! நான் வாய்க்கால் மேட்டில் வாதாடியதைவிட எத்தனையோ மடங்கு நல்ல கதை. இது அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்தியூரானைத் துவைத்துக் காயப்போட்டிருப்பேன்.

விடிந்ததும் பவானிக்காரனுக்கு போன் போட்டேன். இப்போது ஈரோட்டில் ஜவுளி வியாபாரம். "ஏண்டா, மாத்திரைன்னு யாருடா சொன்னது?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தான். "டீச்சர் ஊருக்குப் போயிருந்தாங்கடா. நீங்க பன்னெண்டு பேரும் எம்மூஞ்சியவே பாத்துட்டு நின்னா நான் என்னத்தச் சொல்றது?"

அந்தியூரானுக்கும் சேதி அனுப்பினேன், சிவப்பு மை விவரத்தோடு. ஒரு சைக்கிள் படம் மட்டும் பதிலாக வந்தது.