வண்டிக்குள் வாடை: அரிசோனா நாட்குறிப்பு

2025 ஜனவரி 11, சனி. பிகாச்சோ பீக் ஸ்டேட் பார்க்

ஃபீனிக்ஸிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலை வழியாக வந்து, பின்னால் இழுத்துவந்த எங்கள் டிரெயிலர் வீட்டை நிறுத்திக் கதவைத் திறந்ததும் சாக்கடை வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏம்மா, இதுக்குள்ளயா படுக்கப் போறோம்?" என்றார். மதுரையிலிருந்து போன மாதம்தான் வந்தார். இந்த வண்டியில் அவருக்கு இதுதான் முதல் பயணம்.

பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்த பெரியவர் ஒருவர் நல்ல மனதோடு டேங்க் மருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து தந்தார். வாங்கி வைத்துக்கொண்டேன், ஊற்றவில்லை. கழிவு டேங்க் என்றால் உள்ளே நாறத்தான் செய்யும். அந்தக் காற்று கூரைக் குழாய் வழியாக மேலே போய்விட வேண்டும். வீட்டுக்குள் வருகிறது என்றால் எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது. மருந்து ஊற்றினால் அந்த வழி அடைபடாது.

முதலில் ஆபத்தானதைப் பார்த்துவிட்டோம். காஸ் கசிந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரி நாறும். வாசனையே இல்லாத புரொப்பேனில் கசிவு தெரிவதற்காகவே நாற்ற மருந்து கலக்கிறார்கள். சிலிண்டர் மூடியிருந்தது, அலாரமும் கத்தவில்லை. பழைய லெட்-ஆசிட் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினாலும் அழுகிய முட்டை வாடை வரும், எங்களுடையது லித்தியம். அப்புறம் ஒரு மக்கில் பச்சைத்தண்ணீர், இன்னொன்றில் சுடுதண்ணீர் பிடித்து இரண்டையும் முகர்ந்தேன். சுடுதண்ணீர் மட்டும் நாறினால் ஹீட்டர் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே வைத்திருக்கும் ஆனோடு கம்பியிலும் அங்கே வளரும் பாக்டீரியாவிலும் கோளாறு என்று அர்த்தம். இரண்டும் சுத்தம்.

மிச்சமிருந்தது டிராப். ஒவ்வொரு சிங்குக்குக் கீழும் குழாய் வளைந்து போகிறதே, அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் டேங்குக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் கதவு. டிசம்பர் முழுக்க வண்டி சும்மா நின்றது. பாலைவனக் காற்றில் அந்தத் தண்ணீர் நிற்குமா? அத்தையிடம் சொன்னபோது உடனே பிடித்துக்கொண்டார். "நம்ம மாடி பாத்ரூம்ல யாரும் புழங்கலைன்னா இப்படித்தான் அடிக்கும். நானி டிராப்ல ரெண்டு வாளி தண்ணி ஊத்துவேன், சரியாப் போயிரும்."

கிச்சன் சிங்க், பாத்ரூம் சிங்க், ஷவர் எல்லாவற்றிலும் ஊற்றினோம். அரை மணி நேரத்தில் பாதி வாடை போய்விட்டது. பாதிதான்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று காலையிலிருந்து ஒரு தாளில் குறித்துவந்தேன்: எங்கே நாறுகிறது என்பதை அல்ல, எப்போது நாறுகிறது என்பதை. வாடை வண்டி முழுக்கச் சுற்றுகிறது, இடத்தை நம்ப முடியாது. மூக்கும் சீக்கிரம் மரத்துப்போகும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் நாற்றமே தெரியாமல் போகும் என்பதால், வாடை நின்றுவிட்டது என்று மூக்கை மட்டும் வைத்து முடிவு கட்டுவதும் சரியில்லை. அடிக்கடி வெளியே போய் நின்றுவிட்டு உள்ளே வந்து முகர்ந்தேன்.

கிண்ணத்தின் அடிவாயை டேங்குக்குத் திறந்துவிடும் டாய்லெட் பெடலை மிதிக்கும்போது மட்டும் வாடை ஒரு அலையாக வந்தது. கிண்ணத்தில் இரவு விட்ட தண்ணீர் காலையில் அதே மட்டத்தில் நின்றதால் அந்த வாயை அடைக்கும் ரப்பர் சீல் நன்றாகத்தான் இருக்கிறது. சீல் கசிந்திருந்தால் தண்ணீர் வடிந்திருக்கும்.

ஊதுபத்தி கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கலாம் என்றார் இவர், என் வீட்டுக்காரர். மீத்தேன் இருக்கும் டேங்கின் வாயில் நெருப்பே வேண்டாம் என்று தடுத்துவிட்டு, டிஷ்யூ பேப்பரை மெல்லிய நாடாவாகக் கிழித்துக் கிண்ணத்துக்கு மேல் பிடித்தேன். கூரை ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பெடலை மிதித்ததும் நாடா விறுவிறுவென்று மேலே பறந்தது. ஃபேனை நிறுத்தினோம், தொங்கியது. ஃபேனைப் போட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறந்தோம், லேசாக ஆடியதோடு சரி.

விஷயம் இதுதான். ஃபேன் காற்றை வெளியே தள்ளத் தள்ள அந்த இடத்துக்கு வேறு காற்று வந்தாக வேண்டும். ஜன்னல் சாத்தியிருந்தால் டேங்கிலிருந்து இழுக்கும். வாடையை விரட்டத்தான் எல்லாரும் பாத்ரூம் ஃபேனைப் போடுகிறோம், அதுவே இழுத்துவருகிறது. பெடலுக்கு முன் ஃபேனை நிறுத்து அல்லது ஜன்னலைத் திற என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

வெளியே காஸ் அடுப்பில் பொங்கல் பொங்கியது. சுற்றிலும் சாகுவாரோ கள்ளிகள், நல்ல வெயில். அத்தைக்கு மனசு நிறைந்துவிட்டது.

பாத்திரம் கழுவி சிங்க் தண்ணீர் இறங்கும்போது 'களக் களக்' சத்தமும் புளித்த வாடையும் சேர்ந்து வந்தன. இது மல வாடை இல்லை, சிங்க், ஷவர் தண்ணீர் சேரும் கிரே டேங்க் வாடை. டாய்லெட் கழிவு சேரும் பிளாக் டேங்கை எல்லாரும் திட்டுவார்கள். ஆனால் சோற்றுக் கஞ்சியும் எண்ணெயும் ஊறிய கிரே டேங்க் அதைவிட மோசம், நம் சமையலில் இன்னும் மோசம். அரிசி கழுவிய தண்ணீரும் தோசைமாவுப் பாத்திரம் அலசியதும் உள்ளே போய்ப் புளிக்கின்றன. இனி எல்லாப் பாத்திரத்தையும் பேப்பரால் வழித்துவிட்டுத்தான் கழுவுவது என்று மூன்று பேரும் பேசி வைத்தோம்.

சிங்குக்குக் கீழே, பின்சுவரை ஒட்டி, குழாய் உச்சியில் காளான் மாதிரி கருப்பு மூடி ஒன்று இருக்கும். அதுதான் காற்று வால்வு. தண்ணீர் இறங்கும்போது காற்றை உள்ளே இழுத்து, மற்ற நேரம் மூடிக்கொள்ள வேண்டியது. கையால் திருகியே கழற்றிவிட்டேன். உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்ன ரப்பர் தட்டு. ஓரம் விறைத்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அதன் மேல் சாம்பல் நிற வழவழப்பு. நகத்தால் அழுத்தினால் உட்கார்கிறது, விட்டால் எழும்புகிறது. இதைத் துடைத்துப் போட்டுப் பிரயோஜனமில்லை.

கடையில் புதியது வாங்கினோம். ஸ்பிரிங் இல்லாமல் தன் எடையிலேயே மூடும் வகை, ஒன்றரை அங்குலத் திருகு. விலையும் அதிகமில்லை. டெஃப்லான் டேப் சுற்றி, செங்குத்தாக நிற்கும்படி கையால் இறுக்கினேன். சாய்ந்தால் சரியாக மூடாது. சிங்கை நிரப்பித் திறந்துவிட்டேன். சத்தமும் இல்லை, வாடையும் இல்லை.

ஜனவரி 16, வியாழன். டூசான் அருகே, கேட்டலினா ஸ்டேட் பார்க்

இரவு நல்ல காற்று. விடிகாலையில் அத்தை எழுப்பினார். "ஏம்மா, என் சேலையெல்லாம் நாறுது." அலமாரிக்குள்தான் வாடை. டேங்கும் சிங்கும் இருப்பது மறுபக்கம். காற்று அடிக்கும் நேரத்தில் மட்டும் வருவதால் கூரைக் குழாய் வழியாகக் காற்று டேங்கை அழுத்துகிறது, அங்கிருந்து இங்கே ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தது. ஒன்று, சுவருக்குள் குழாய் உடைந்திருக்க வேண்டும். இல்லை, நமக்குத் தெரியாத ஒரு டிராப்.

அலமாரியின் அடிப்பலகையைக் கழற்றியதும் ஆள் அகப்பட்டது. வாஷிங் மெஷின் வேண்டுமானால் பொருத்திக்கொள்ளலாம் என்று கம்பெனியே விட்டுவைத்த இணைப்பு: சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் என இரண்டு குழாய்கள், நடுவில் ஒரு வடிகால். நாங்கள் மெஷின் வைக்கவே இல்லை, அதனால் அந்த டிராப்பில் தண்ணீர் போனதே கிடையாது. மேலே ஒப்புக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. இவர் டார்ச் அடித்துக் காட்டினார், உள்ளே எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது.

ஆர்.வி. எனப்படும் இந்த மாதிரி வண்டி வீடுகளுக்கு விற்கும், குளிரில் உறையாத இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் திரவத்தை ஊற்றினேன். அது தண்ணீரைப் போலச் சீக்கிரம் ஆவியாகாது. மேலே திருகினால் விரிந்து இறுகும் ரப்பர் அடைப்பான் போட்டாயிற்று. சேலைகள் கொடியில் காய்கின்றன.

ஜனவரி 17, வெள்ளி

இவர் கூரையில் ஏறி வென்ட் மூடிகளைப் பார்த்தார். குழாய் கூரைக்கு மேல் வரை வருகிறது, குருவிக் கூடு இல்லை, சுற்றிலும் சீலன்ட் வெடிக்கவில்லை. அங்கே குறை ஒன்றும் இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு. பென்சன் நகரம்

நேற்று இரவும் காற்று அடித்தது, அலமாரியில் வாடை இல்லை. இன்று வண்டி ஓடி வந்தபின் ஷவர் பக்கம் மட்டும் லேசாக வாடை. அதன் டிராப் ஆழம் குறைவு, வண்டி குலுங்கும்போது தண்ணீர் தெறித்துப் போய்விடுகிறது. இப்போதைக்கு ஓட்டும்போது ஷவர் ஓட்டையில் ரப்பர் மூடி, வந்து இறங்கியதும் ஒரு மக் தண்ணீர். ஊர் போனதும் அந்த டிராப்பை எடுத்துவிட்டு, தண்ணீரே தேவைப்படாத சவ்வு வால்வு போடப்போகிறேன். குழாய் ஒன்றரை அங்குலம்தான். ஷவர் தட்டுக்குக் கீழே கை நுழைய இடம் இருக்கிறதா என்று பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்ய வேண்டும்.