மாமாவின் குரலுக்கு யாழ்ப்பாண உச்சரிப்பைப் பழக்கிய அனுபவம்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வசிக்கும் என் மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர். பார்வையற்ற மாணவர்களுக்காக வரலாற்றுப் பாடங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்துவந்த அவருக்கு, இப்போது நெடுநேரம் வாசிக்கத் தொண்டை இடங்கொடுப்பதில்லை. ஆகவே அவருடைய முழுச் சம்மதத்தோடு, நாம் தட்டெழுதும் பாடத்தை அவர் குரலிலேயே கணினி வாசிக்கும்படி செய்ய முனைந்தேன்.

இலவச மென்பொருள்களில் முதலில் எடுத்தது கோக்கி நிறுவனத்தின் எக்ஸ்.ரி.ரி.எஸ். ஒருவரின் குரலைப் பின்பற்றிப் பேச ஆறு விநாடி ஒலித்துண்டு போதும் என்பது அதன் சிறப்பு. ஆனால் அதன் இரண்டாம் பதிப்பு அறிந்த 17 மொழிகளில் தமிழ் இல்லை. அடுத்து, சென்னை ஐ.ஐ.ரி.யின் ஏஐ4பாரத் குழு வெளியிட்ட இன்டிக்எஃப்5. தமிழ் உட்பட 11 இந்திய மொழிகளைப் பேசும் இதற்கு, மாதிரி ஒலியோடு அதில் பேசப்பட்ட சொற்களையும் பிசகாமல் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாமாவின் குரல் அப்படியே வந்தது. வசனம் முடியுமுன் அவர் எடுக்கும் சிறு மூச்சுக்கூட இருந்தது. உச்சரிப்புத்தான் அவருடையதல்ல. ‘காற்று’, ‘வெற்றி’ என்பவற்றில் வரும் ‘ற்ற’வை நாங்கள் ரகர ஒலி கலவாமல், நுனிநாக்கை மேல்வாயில் ஒற்றிச் சொல்வோம், கணினியோ ரகரத்தை உருட்டியது. ‘டிக்கட்’டை எங்கள் வழக்கப்படி ‘ரிக்கற்’ என்று எழுதினால் எழுத்தைப் பார்த்தபடியே ‘ரிக்கர்’ என்றது. இந்தியப் பேச்சாளர்களின் பதிவுகளில் பயின்ற இந்தக் கணினி மாதிரிக்கு (model) எங்கள் எழுத்து வழக்கு எப்படித் தெரியும்? ‘ரிக்கற்’றை ‘டிக்கட்’ என்று மாற்றி எழுதிச் சமாளிக்கலாம். ‘ற்ற’வுக்கு அந்த வழியும் இல்லை: ‘ட்ட’ போட்டால் காற்று ‘காட்டு’ ஆகிவிடும், ‘த்த’ போட்டால் பல்லில் நாக்குப் பட்ட ஒலி வரும். மாணவரின் காதுக்கு மட்டுமே எட்டும் பாடத்தில் இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆதலால் மாமாவின் பதிவுகளைக் கொண்டே அந்த மாதிரியை மேலும் பயிற்றினேன். ‘ற்ற’ நிறைந்த வசனங்களை நானே எழுதி, கோயில் ஒலிபெருக்கியும் அயல்வீட்டுத் தண்ணீர் மோட்டரும் ஓய்ந்த வேளை பார்த்து, சேலைகள் தொங்கும் அலுமாரியைத் திறந்துவைத்த அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிந்தோம். ஓடசிற்றி என்னும் ஒலித்தொகுப்பு மென்பொருளில் வசனம் வசனமாக வெட்டினேன். இரைச்சல் நீக்கும் வசதியைத் தொடவில்லை, அது குரலின் உயிரையும் சேர்த்து வழித்துவிடும். பயிற்சி, கூகுளின் கணினிகளை இணையவழியே பயன்படுத்தத் தரும் கூகுள் கொலாபில் நடந்தது. அங்கே இணைப்பு இடையில் அறுந்துபோகும் என்பதால், பயிற்சியின் ஒவ்வொரு கட்டமும் கூகுள் டிரைவில் சேமிக்கப்படும்படி வைப்பது கட்டாயம். எண்களை எழுத்தால் எழுதிக் கொடுப்பதும் அவசியம்: 1981 என்று விட்டால் தடுமாறும், ‘ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தொன்று’ என்றால் தெளிவாக வாசிக்கும்.

இப்போது ‘காற்று’ எங்கள் காற்றாகவே ஒலிக்கிறது. வினா வசனங்களின் ஏற்றம் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. அவற்றை மாமாவே வாசித்துத் தருகிறார். சில விநாடிக் குரலை வைத்தே பணமோசடி செய்யும் காலம் என்பதால், பயிற்றிய கோப்பை எவருக்கும் கொடுப்பதில்லை என்று குடும்பமாகத் தீர்மானித்திருக்கிறோம். எழுதிய வசனங்களை, கேட்கும் எவருக்கும் மகிழ்ச்சியோடு தருவேன்.