ஆப்னி பார்க்கின் எகிப்திய வாசல்

லண்டனின் ஸ்டோக் நியூயிங்டன் ரயில் நிலையத்தில் இறங்கி, கடைகள் நெருங்கிய ஹை ஸ்ட்ரீட்டில் சற்று நடந்தால் ஆப்னி பார்க் கல்லறைத் தோட்டம் வந்துவிடும். சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவச் சேவை அமைப்பை நிறுவிய வில்லியம் பூத் உறங்குவது இங்கேதான் என்றாலும், நான் போனது வாசலின் இருமருங்கிலும் நிற்கும் 'லாட்ஜ்' கட்டடங்களுக்காக. லாட்ஜ் என்றதும் நமக்குத் தங்கும் விடுதிதான் நினைவுக்கு வரும். விக்டோரியா காலத்துக் கல்லறைத் தோட்டங்களிலோ அது வாயிற்காவலருக்கோ கண்காணிப்பாளருக்கோ கட்டப்பட்ட மனை. துக்கத்தோடு வருபவர்களை முதலில் எதிர்கொள்ளும் கட்டடமும் அதுவே.

இங்கே அந்த மனைகள் எகிப்தியக் கோயிலின் சாயலில் இருக்கின்றன. நடுவே அடி அகன்று மேலே குறுகும் உயரமான கல்தூண்கள். அவற்றின் உச்சியில், உள்வாங்கிக் குழிந்து பின் வெளிப்புறமாக விரியும் விளிம்பு. பக்கத்து மனைகள் தூண்களைவிடத் தாழ்ந்து அடக்கமாக நிற்பதால், கண் தானாகவே வாசலை நோக்கிப் போகிறது. முகப்பில் எகிப்தியச் சித்திர எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். 'மனிதனின் அழியும் பகுதி தங்கும் இல்லத்தின் வாயில்கள்' என்பது அவற்றின் பொருள். பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் அந்த எழுத்துகளின் புதிரை அவிழ்த்தது 1822இல். இந்தத் தோட்டம் திறக்கப்பட்டது 1840இல். இடையே 18 ஆண்டுகளே என்று எண்ணியபோது, அந்தப் புது அறிவைச் சுடச்சுடக் கல்லில் பொறித்தவர்களின் ஆர்வம் எனக்குப் புரிந்தது. கட்டடக் கலைஞர் வில்லியம் ஹோஸ்கிங். எகிப்தில் பல ஆண்டுகள் தங்கிச் சின்னங்களை வரைந்த ஜோசப் பொனோமி அவருக்குத் துணை நின்றார்.

எகிப்து ஏன் என்ற கேள்விக்கு விடை, இதை உருவாக்கியவர்களின் சமயத்தில் இருக்கிறது. அவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத கிறிஸ்தவர்கள். எந்தப் பிரிவினரும் சமமாக அடக்கம் செய்யப்படும் இடம் ஒன்றை விரும்பினார்கள். கூரிய வளைவுகள் கொண்ட கோதிக் பாணி வாசலில் நின்றால், அது திருச்சபையின் குரலில் பேசும். எந்தக் கிறிஸ்தவப் பிரிவுக்கும் சொந்தமில்லாத எகிப்திய வடிவத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. மரணத்தையும் நிலைத்தலையும் நினைவூட்டும் தகுதியும் அதற்கு உண்டு. கோதிக்கின் தீவிர ஆதரவாளரான கட்டடக் கலைஞர் பியூஜின் 1843இல் இத்தகைய எகிப்திய வாசல்களைப் படம் வரைந்தே கேலி செய்தார். அவர் வடிவமைத்த தேவாலயங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இந்த விஷயத்தில் அவர் பக்கம் நிற்க எனக்கு மனமில்லை. பிரிவுகளுக்கிடையே ஒரு பொது இடம் தேடியவர்களின் நேர்மை இந்த வாசலில் தெரிகிறது.

வாசல் கிழக்கு நோக்கியது. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது ஒவ்வொரு எழுத்தின் குழிவிலும் மெல்லிய நிழல் கட்டி நின்றது. தோட்டத்துக்குள் சுற்றிவிட்டுப் பிற்பகலில் திரும்பினேன். முகப்பு முழுவதும் நிழலுக்குள் போயிருந்தது. காலையில் தெளிவாகத் தெரிந்த எழுத்துகளைக் கல்லின் சொரசொரப்பிலிருந்து பிரித்தறிய, அருகே சென்று நிற்க வேண்டியிருந்தது.