தாத்தாவின் ரோனா கப்பல்

பிரான்ஸில் போர்தோ நகரை ஒட்டிய மெரின்யாக்கில் வீடு எடுத்ததற்கு வாடகைதான் காரணம். நகருக்குள் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கணவருக்கும் விமான நிலையப் பக்கம்தான் வேலை. வந்த முதல் குளிர்காலம் முழுக்க மழை. ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். மொழி தெரியாது, பேச ஆளில்லை. புளியும் கறிவேப்பிலையும் யாராவது பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேல் பக்கம் போய்வந்தால்தான் வரும். சமையலறை ஜன்னலில் நின்று, இறங்குகிற விமானங்களை எண்ணிக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் வருடம் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்தில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் இந்த ஊரைப் பற்றிக் கேட்டுவந்து ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றார் ஆசிரியை. கீழ்வீட்டு முசியேவிடம் (பிரெஞ்சில் 'ஐயா') போனேன். எண்பது தாண்டியவர். இரண்டாம் உலகப் போரின்போது கைக்குழந்தை, எல்லாம் அவர் அம்மா சொல்லக் கேட்டது. காபி போட்டுக் கொடுத்து, ஜன்னல் பக்கம் கை காட்டி, "அங்கேதான் காண்டோர்கள் இருந்தன" என்றார். பறவையைச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

காண்டோர் ஒரு ஜெர்மன் விமானம். பயணிகளுக்காகக் கட்டியது. 1938இல் பெர்லினிலிருந்து நியூயார்க் வரை நிற்காமல் சுமார் 25 மணி நேரம் பறந்தது. போர் வந்ததும் அதில் குண்டுகளை ஏற்றினார்கள். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்த பிறகு, கேஜி 40 என்ற குண்டுவீச்சுப் படைப்பிரிவு அந்த விமானங்களோடு மெரின்யாக்குக்கு வந்தது. இங்கிருந்து கிளம்பி, அயர்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்கைச் சுற்றி, கப்பல்களைத் தேடிக்கொண்டே நார்வேயில் போய் இறங்கும். 1940 அக்டோபர் 26 அன்று 42,000 டன் கொள்ளளவுள்ள 'எம்ப்ரஸ் ஆஃப் பிரிட்டன்' என்ற பிரிட்டிஷ் கப்பலைத் தீப்பற்ற வைத்தது இந்தப் பிரிவின் விமானம்தான். இரண்டு நாள் கழித்து ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அதை மூழ்கடித்தது. மனிதரைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கச் செய்த ஒன்றை, கடல் தாண்டுகிறவர்களைக் கொல்ல அனுப்பியிருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

முசியே ஒரு பழைய புத்தகம் கொடுத்தார். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன்.

1943இல் கேஜி 40க்கு ஹைன்கல் 177 என்ற பெரிய குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. கூடவே ஒரு புது ஆயுதம், ஹென்ஷல் 293. சின்ன இறக்கைகளும் அடியில் ஒரு ராக்கெட்டும் வைத்த குண்டு. அதன் வாலில் எரியும் வெளிச்சத்தைப் பார்த்தபடி, விமானத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு சின்னப் பிடியை அசைத்து, ரேடியோ வழியாக அதைக் கப்பலை நோக்கித் திருப்புவார். நவம்பர் 26 அன்று இங்கிருந்து போன விமானங்கள் அல்ஜீரியக் கரையோரம் ஒரு கப்பல் அணியைத் தாக்கின. ஒரு குண்டு, அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிப் போன பிரிட்டிஷ் கப்பலில் பாய்ந்தது. அதன் பெயர் ரோனா.

நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

என் தாத்தா 1937இல், பத்து வயதில், அவர் அப்பாவோடு நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போனவர். தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்குப் படகில் போனது, தளத்தில் பாய் விரித்துப் படுத்தது, எல்லாம் சொல்வார். "ரோனா கப்பல்ல போனோம்" என்பார். உடனே வீட்டில் யாராவது, "ரஜுலாப்பா அது" என்று திருத்துவார்கள். ரஜுலாவை ஊரில் தெரியாதவர் கிடையாது. எழுபதுகள் வரை ஓடிய கப்பல். ரோனாவை யாரும் கேள்விப்பட்டதில்லை. கடைசிக் காலத்தில் தாத்தாவே ரஜுலா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இரண்டும் ஜோடிக் கப்பல்கள். இரண்டையும் 1926இல், சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் வழிக்கென்றே கட்டினார்கள். போரில் இரண்டுமே படைகளை ஏற்றப் போயின. ரஜுலா திரும்பிவந்தது. ரோனாவில் 1,138 பேர் இறந்தார்கள். அவர்களில் 1,015 பேர் அமெரிக்கச் சிப்பாய்கள். தங்கள் பிள்ளைகள் எப்படிச் செத்தார்கள் என்பதை அமெரிக்க அரசு பல வருடம் குடும்பங்களுக்குக்கூடச் சொல்லவில்லை. கப்பலின் வேலையாட்கள் பெரும்பாலும் இந்தியர்கள். அவர்களிலும் நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டியவள் இருபது நிமிடம் பேசினேன். இலக்கணம் எல்லாம் தப்பு. ஆசிரியை நிறுத்தவில்லை.

அன்று ராத்திரியே நாகைக்கு, அத்தைக்கு, போன் போட்டேன். அங்கே விடியக்காலை. முழுக்கக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அதுல வேலை பாத்தவங்க நம்ம பக்கத்து ஆளுங்களாம்மா?"

"இந்தியாக்காரங்க அத்தை. நூறு பேருக்கு மேல."

"அப்பாவை எத்தனை தடவை திருத்தியிருக்கேன்" என்றார். அப்புறம், "பேரப் பிள்ளைங்ககிட்ட இனிமே ரோனான்னே சொல்றேன்" என்றார்.