‘வேட்டை’ என்று எழுதிய பெட்டி

பைனாகுலர் கைக்கு வந்து இரண்டு கிழமையாகிறது. இன்னும் அதைக் கண்ணில் வைக்கும்போதெல்லாம் கொழும்பில் பார்சல் எடுக்கப் போன சுங்கக் கவுன்ரருக்கு முன்னால் முழிசிக்கொண்டு நின்றதுதான் ஞாபகம் வருகிறது. வெளிநாட்டிலிருந்து இப்படி ஒன்று எடுப்பிக்க யோசிப்பவர்கள், அங்குள்ள சொந்தக்காரருக்குப் போன் எடுக்க முதல் இதை வாசித்துவிடுங்கள்.

எங்கள் வயல் முத்தையன்கட்டுப் பக்கம், காட்டோரம். யானை இறங்குவது மைமல் பொழுதில், இருட்டுப்படுகிற நேரம். ரோச் வெளிச்சத்தில் உருவம் தெரியிற நேரம் அது வரம்பில் ஏறியிருக்கும். பிறகு யானை வெடி கொளுத்தி என்ன பிரயோசனம்? மரங்களுக்குள் நிற்கும்போதே கண்டுவிட்டால் பக்கத்து வயல்காரருக்கும் சத்தம் கொடுக்கலாம். அதற்குத்தான் எனக்குப் பைனாகுலர் தேவைப்பட்டது. வேட்டைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் வவுனியாவில்தான் ஒன்று வாங்கினேன், 6,500 ரூபா. மேலே 20x50 என்று பெரிய எழுத்து (முன் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, பின் எண் முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீற்றரில்), முன்கண்ணாடி இரண்டும் இரத்தச் சிவப்பு. மத்தியான வெயிலில் கடை வாசலில் நின்று பார்த்தேன். எதிர்ப்பக்கக் கடையின் பெயர்ப்பலகை மூக்குக்கு முன்னால் வந்தது. மயங்கிவிட்டேன். அந்தச் சிவப்புப் பூச்சு உள்ளே வரவேண்டிய வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. மைமலில் அதற்குள்ளால் பார்த்தால் யானையும் ஒன்றுதான், பாலைமரமும் ஒன்றுதான். மார்கழி மழையில் கண்ணாடிக்கு உள்ளேயே ஈரம் படிந்து மங்கிவிட்டது. இப்போது மகனின் விளையாட்டுச் சாமான்.

ரொறன்ரோவில் இருக்கிற மச்சானிடம் சொன்னேன். அவன் ஒரு வேட்டைச் சாமான் கடையில் மலிவு விற்பனை என்று 8x42 ஒன்றை 160 டொலருக்கு எடுத்தான். எண்ணில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் பத்து மடங்கு எடுக்கச் சொல்லி நின்றான். 42ஐ எட்டால் பிரித்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 5.25 மில்லிமீற்றர் அகலம். பத்தால் பிரித்தால் 4.2 தான். இருட்டில் கண்மணி விரிகிற அளவு வயது போகப் போகக் குறையும், ஐம்பது தாண்டிய என்னுடைய கண்ணுக்கு ஐந்து கிடைத்தாலே பெரிய காரியம். பத்து மடங்கில் கை நடுக்கமும் கூடத் தெரியும். யானை என்ன, குருவியா? எட்டு போதும்.

பிழை நடந்தது பார்சல் போட்ட இடத்தில். உள்ளே என்ன சாமான் என்று எழுதும் படிவத்தில், கடை ரசீதில் இருந்ததை மச்சான் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறான்: ‘ஹன்டிங் ஒப்டிக்ஸ்’, வேட்டைக்கான கண்ணாடிச் சாமான். பைனாகுலர் என்ற சொல்லே எங்கும் இல்லை.

வீட்டுக்கு அறிவித்தல் வந்தது. இரவு பஸ் ஏறி விடிய கொழும்பில் இறங்கி, வரிசையில் நின்று, பத்தரைக்கு என்னுடைய முறை வந்தது. அந்த உத்தியோகத்தர் பெட்டியைத் திறக்கவே இல்லை. படிவத்தைப் பார்த்தார், என்னுடைய அடையாள அட்டையில் முல்லைத்தீவு முகவரியைப் பார்த்தார், திரும்பவும் படிவத்தைப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கியது ‘துவக்குவ’, துப்பாக்கி, என்ற ஒரு சொல்தான். சொண்டு காய்ந்துவிட்டது.

பக்கத்தில் பார்சலுக்கு நின்ற ஒரு முஸ்லிம் அம்மாதான் மொழிபெயர்த்தார். “தம்பி, இது துவக்குல பூட்டுற சாமானாம். பாதுகாப்பு அமைச்சுக் கடிதம் கேக்கிறார்.” துவக்கில் பூட்டுவதல்ல, இரண்டு கண்ணாலும் பார்க்கிறது, திறந்து பாருங்கள் ஐயா என்று கையால் அபிநயம் பிடித்துக் காட்டினேன். அவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அன்றைய கணக்கு: போக்குவரத்து, சாப்பாடு, ஒரு நாள் வேலை, கையில் ஒன்றுமில்லை.

வீட்டில் அம்மா வேறு தொடங்கிவிட்டா. “உதை ஏன்ரா எடுப்பிச்சனி?” பற்றரி கொண்டுவரவே தடை இருந்த யுத்த காலத்தில் இங்கே சீவித்த மனுசி. பைனாகுலர் என்றால் அவவுக்கு வேறு ஞாபகங்கள்.

இரண்டாம் பயணத்துக்கு நான் படித்துக்கொண்டு போனேன். சுங்கத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் எண் உண்டு. பைனாகுலர் 9005 என்ற தலைப்புக்குள் வரும், துவக்கில் பூட்டும் தொலைநோக்கி 9013. உலகம் முழுக்க இந்த நான்கு இலக்கமும் ஒன்றுதான். மச்சானிடம் கடை ரசீதையும், பைனாகுலரின் படமும் மொடல் எண்ணும் உள்ள பக்கத்தையும் அனுப்பச் சொல்லி அச்செடுத்தேன். கிராம சேவையாளரிடம் ‘விவசாயி, யானைக் காவலுக்கு’ என்று ஒரு கடிதம் (அவர் உடனே தந்தார், இந்தக் கதையிலேயே சுகமாக நடந்தது அது ஒன்றுதான்). ரியூசன் வாத்தியார் ஒருவரைப் பிடித்து விளக்கக் கடிதத்தைச் சிங்களத்தில் எழுதுவித்து, 9005ஐ இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டேன்.

இந்த முறை வேறொரு உத்தியோகத்தர். எண்ணைக் கண்டதும் நிமிர்ந்து பார்த்தார். பெட்டியை உடைத்தார், யன்னலால் வெளியே பார்த்தார், வீல் உருட்டிப் பார்த்தார், பக்கத்து மேசைக்காரருக்கும் கொடுத்தார். ஐந்து நிமிடம் இரண்டு பேரும் மாறி மாறிக் காகம் பார்த்தார்கள். “ஹொந்தாய்”, நல்லது, என்றார். கும்பிட வேண்டும் போலிருந்தது.

ஆனால் அடியில் இன்னொரு கண்டம். வேட்டைக்காரருக்கான சாமான் அல்லவா, உறை இராணுவ உடுப்பு மாதிரிப் பச்சை மண்ணிறப் புள்ளித் துணி! அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்தார். அவர் வாய் திறக்க முதலே “வேண்டாம் மாத்தயா, நீங்களே வையுங்கோ” என்றேன். அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வன்னி ரோட்டால் போக எனக்கென்ன விசரா?

இனிக் காசுக் கணக்கு, அதுதான் இன்னும் எரிகிறது. கடையில் வாங்கியதால் மச்சான் அங்கே 13 வீதம் வரி கட்டினான். தபாலுக்கு 48 டொலர். எல்லாம் சேர்த்து எங்கள் காசில் கிட்டத்தட்ட 50,000. இங்கே வரி சாமானின் விலைக்கு மட்டுமல்ல, தபால் செலவையும் சேர்த்துத்தான் போடுவார்கள். 2024இலிருந்து வற் (பெறுமதி சேர் வரி) மட்டுமே 18 வீதம், அதுவும் மற்ற வரிகளைக் கூட்டி அதற்கு மேல். பிந்தி எடுத்த நாட்களுக்கு வாடகை வேறு. அங்கே 14,000 வைத்தேன். இரண்டு பயணமும் 9,000. மொத்தம் 73,000. இரண்டாம் நாள் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஒரு கமராக் கடைக்குள் ஏறினேன், ஏறியிருக்கக்கூடாது. வேறு கொம்பனி, அதே 8x42, தண்ணீர் புகாதது, 58,000, ஒரு வருட உத்தரவாதம். என்னுடையதற்கும் உத்தரவாதம் இருக்கிறதுதான், கனடாவுக்குத் திருப்பி அனுப்பினால்.

அதனால், உள்ளூரில் வாங்கப் போகிறவர்கள் பின்னேரம் ஆறு மணிக்குக் கடைக்குப் போய், இருண்ட மூலையில் உள்ள எழுத்தை வாசித்துப் பாருங்கள். மத்தியான வெயிலில் எல்லாமே வடிவாகத்தான் தெரியும். சிவப்புக் கண்ணாடியைத் தொடவே வேண்டாம். வெளிநாட்டிலிருந்துதான் வேண்டும் என்றால், வருகிறவர் ரசீதோடு கையில் கொண்டுவரட்டும். தபாலில்தான் என்றால், படிவத்தில் ‘பைனாகுலர், 9005’ என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். விலையைக் குறைத்து எழுதும் கெட்டித்தனம் வேண்டாம், அதற்கு ரசீது கேட்பார்கள். வந்த பிறகு, மூடி இறுக்கமான பெட்டியில் சிலிக்கா ஜெல் பக்கற்றோடு வையுங்கள், எங்கள் மழைக்குக் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும்.

போன வியாழன் மைமலில் குளக்கட்டுப் பக்கம் நான்கு யானை, ஒன்று குட்டி. வீரமரத்தடியில் நிற்கும்போதே கண்டேன். குட்டியின் காது ஆடுவதுகூடத் தெரிந்தது. வெடி தேவைப்படவில்லை, எல்லாரும் தகரம் தட்ட, திரும்பிப் போய்விட்டன.

நேற்று மச்சான் போன் எடுத்தான். தூரம் அளக்கிற லேசர் ஒன்று அதே கடையில் பாதி விலையாம், போடட்டோ என்று கேட்டான். சீவியத்தில் முதல் தரமாக அவனோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன்.