அம்பின்ர பின்பக்க வெட்டு

கன பேர் அம்பு செய்ய வெளிக்கிட்டா முனையைத்தான் தீட்டித் தீட்டிப் பாப்பினம், இல்லாட்டி இறகு ஒட்டுறதில முழு மினக்கேடும் போயிடும், நாண் வந்து இருக்கிற பின்பக்க வெட்டை மட்டும் கடைசியில ஒரு வாளால கெதியா கீறிப்போட்டு விட்டிடுவினம். எனக்கு அது துண்டாப் பிடிக்காது. இழுத்து விடேக்க நாண் குடுக்கிற விசை முழுக்க முதல்ல வாங்கிறது அந்த அரை அங்குலம்தான். அது பிளந்துதெண்டா வில்லு வெறும் நாணை விட்ட மாதிரி அடிபடும், வில்லே முறியலாம், சிம்பு கையில முகத்தில ஏறலாம். நாண் மாட்ட வெட்டோட வாற பிளாஸ்டிக் கொண்டை வாங்கி ஒட்டலாம்தான், ஆனா இங்க முல்லைத்தீவுப் பக்கம் அதை எங்க தேடுறது, கையால வெட்டினா ரெண்டு மூண்டு ஹக்சோ பிளேட்டோட வேலை முடியும்.

தடியில இருந்து தொடங்குறன். எனக்குப் பிடிச்சது விண்ணாங்கு மரம், வெட்டின அடிக்கட்டையில இருந்து நேரா வாற இளந்தடியள். சொந்தக் காணி வேலியில வெட்டுங்கோ, காட்டுக்குள்ள வெட்டக்கூடாது, மண்டையோட்டுப் பலகை நட்ட மிதிவெடிப் பக்கம் தடி பாக்க எண்டு காலே வைக்காதேங்கோ. கட்டாக் கட்டி நிழல்ல, சோளகக் காத்துக் காலத்தில காயவிட்டா நல்லது. மாரியில காயாது. ஈரம் இருக்கேக்க வெட்டின வெட்டு காயக் காய வாய் மாறும், அதால நல்லாக் காஞ்சாப் பிறகுதான் வாள் வைக்கவேணும்.

இனி முக்கியமான விசயம், எந்தப் பக்கமா வெட்டுறது எண்டது. பலகையில இருந்து சீவி உருட்டின தடியெண்டா நுனியைத் தேய்ச்சு ஈரத்துணியால துடைச்சுப் பாருங்கோ, வளையக் கோடு தெரியும். வெட்டு அந்தக் கோடுகளுக்குக் குறுக்காப் போகவேணும். கோட்டோட சேத்து வெட்டினா நாண் ரெண்டு வளையத்துக்கு நடுவில ஆப்பு அடிச்ச மாதிரி இறங்கிப் பிளந்துபோடும். எங்கட ஊர் மரம் கனக்கில வளையம் வடிவாத் தெரியாது, அப்ப அதே தடியில மிஞ்சின துண்டைக் கத்தி வைச்சுப் பிளந்து பாருங்கோ, எந்தப் பக்கம் லேசாப் பிளக்குதோ அதுக்குக் குறுக்கா வெட்டுங்கோ. இளந்தடியில வளையம் சுத்திவர இருக்கிறதால திசை பெரிசாப் பிரச்சினையில்லை, ஆனா நடுவில நெட்டி மெதுவா இருக்கும், தடிச்ச பக்கத்தை முனைக்கு விடுறதால வெட்டு மெல்லிய பக்கத்தில வரும், அதால நூல் சுத்தாம விடவே ஏலாது. மூங்கிலெண்டா கணுவுக்கு அரை அங்குலம் மேல வெட்டுங்கோ, கணு அடியில நிண்டு பிளவைத் தடுக்கும்.

வெட்டுறதுக்கு ரெண்டு மூண்டு ஹக்சோ பிளேட்டை டேப் சுத்தி ஒண்டாக் கட்டினா நாணின்ர தடிப்புக்கு ஒரே இழுவையில வந்திடும். பிளேட் எத்தினை எண்டது நாணைப் பொறுத்தது, மிஞ்சின துண்டில முதல்ல வெட்டிப் பாருங்கோ. நடுக்கோடு பென்சிலால கீறி, தடியை வைஸில துணி சுத்திப் பிடிச்சு, மெதுவா 12 மில்லிமீற்றர் மட்டும் இறங்குங்கோ. பிறகு சின்ன உருண்டை அரத்தால அடியை வட்டமாக்க வேணும், இதில அவசரப்படாதேங்கோ, அடி கூரா இருந்தா பிளவு அங்கயிருந்துதான் தொடங்கும். அரத்தாளை மடிச்சு உள்ளுக்க இழுத்து, விளிம்பையும் மழுக்கிவிடுங்கோ, இல்லாட்டி நாணை அறுக்கும்.

பொருத்தம் பாக்க, அம்பை நாணில மாட்டி அம்பு கீழ தொங்கிற மாதிரி வில்லைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. தன்ர பாரத்தில விழாம நிக்கவேணும், நாணை விரலால தட்டினா விழவேணும். தட்டியும் விழாட்டி இறுக்கம் கூட, சும்மா விழுந்தா தளர்வு, தளர்வான அம்பை வில்லில வைச்சு எறியாதேங்கோ, முறிச்சு அடுப்பில போடுங்கோ.

வெட்டின அடிக்குச் சரி கீழ சப்பாத்துத் தைக்கிற மெழுகு நூலாலயோ வலை பின்னுற நூலாலயோ நெருக்கமாச் சுத்தி சூப்பர் குளூ தடவுங்கோ. இறகு வைக்கேக்க மூண்டில ஒண்டு வெட்டுக்குச் செங்குத்தா, வில்லுக்கு மற்றப் பக்கம் பாக்கிற மாதிரி வரவேணும்.

1545 இல மூழ்கி 1982 இல கடலுக்குள்ளயிருந்து எடுத்த மேரி ரோஸ் எண்ட இங்கிலாந்துக் கப்பல்ல கிடைச்ச அம்புகள்ல, இந்த வெட்டுக்குக் குறுக்கா மெல்லிய கொம்புத் துண்டு செருகியிருந்தவை. பலமான வில்லுக்கு மரம் மட்டும் தாங்காது எண்டு அவைக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கட நாட்டில களுத்துறைப் பக்கம் பாகியன் குகையில எடுத்த எலும்பு முனையள் ஏறத்தாழ 48,000 வருசம் பழசு, வில்லும் அம்பும் பாவிச்சிருக்கினம் எண்டு ஆராய்ச்சியாளர் 2020 இல எழுதினவை. அந்த முனை இருந்த தடி எல்லாம் உக்கிப் போச்சு, பின்பக்கத்தை எப்பிடி வெட்டிச்சினமோ, அதை ஒருக்காப் பாக்கக் கிடைச்சா எவ்வளவு நல்லாயிருக்கும்.

எறியிறது வைக்கோல் கட்டுக்கு மட்டும், பின்னால ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில. ஒவ்வொரு தரமும் அம்பைப் புடுங்கின கையோட வெட்டை வெளிச்சத்தில பாருங்கோ, மயிரளவு கோடு தெரிஞ்சாலும் அது வேண்டாம். அடுத்ததா எருமைக்கொம்பு செருகிச் செய்து பாக்கப்போறன், கொம்பு சீவத் தெரிஞ்ச ஆக்கள் ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் இருந்தா சொல்லுங்கோ, வந்து பக்கத்தில இருந்து பழகுவன்.